பட்டாளத்து லங்கர்ல இருந்து கேட்டரிங் காலேஜ் வரைக்கும்: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பசங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்க ஊர் கணியம்பாடி பக்கம். கம்மவான்பேட்டை பத்தி தெரியாதவங்க இந்த ஜில்லால யாரும் இல்ல, வீட்டுக்கு வீடு ஒரு பட்டாளத்துக்காரர். அந்த பழக்கத்துல பசங்க பத்தாவது முடிச்சதுமே பட்டாளத்துல சேர ஓட்டம் பழக ஆரம்பிச்சிடறாங்க. ஆனா சமையல் டிரேட்ல, அதாவது லங்கர்னு சொல்ற பட்டாளத்து சமையல்கட்டு வேலைல உள்ள போயி, அங்க கத்துக்கிட்டத வெளிய வந்து ஒரு டிப்ளமோவாவோ டிகிரியாவோ ஆக்கறதுக்கு என்ன வழின்னு கேட்டா சரியா சொல்ல ஆள் கிடையாது. என் தம்பி ஆர்மில அக்னிவீர் (நாலு வருஷ சர்வீஸ்) டிரேட்ஸ்மேன்ல செஃப்பா இருக்கான், மாமா பையன் சென்னை தரமணில கேட்டரிங் படிச்சான், ரெண்டு பேருக்கும் பேப்பர் வேலைக்கு அலைஞ்சது நான்தான். அலைஞ்சதுல தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, சமையல் கத்துக்கறது கஷ்டமில்ல, கத்துக்கிட்டதுக்கு பேப்பர் சேர்க்கறதுதான் கஷ்டம், அதுவும் உள்ள போறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். அத வரிசையா எழுதறேன்.

1. எந்த வாசல் வழியா போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

ஆர்மின்னா அக்னிவீர் டிரேட்ஸ்மேன், இதுல பத்தாவது பாஸ், எட்டாவது பாஸ்னு ரெண்டு வகை. செஃப் பத்தாவது வகைல வருது. எட்டாவது வகைல இருக்கறது ஹவுஸ் கீப்பரும் மெஸ் கீப்பரும். மெஸ் கீப்பர்னா சமையல்தானேன்னு நெறைய பேர் அதுல போட்டுடறாங்க, அது சமையல் வேலை இல்ல, மெஸ்ல பரிமாறறது, பாத்திரம், சுத்தம், அந்த மாதிரி. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா தயவுசெஞ்சு அதுல போடாதீங்க.

நேவின்னா அக்னிவீர் எம்.ஆர், பத்தாவதுல 50 சதவீதம் வேணும். இதுல செஃப், ஸ்டூவர்ட் (பரிமாறறவர்), ஹைஜீனிஸ்ட் (சுத்தம் பாக்கறவர்)னு மூணு இருக்கு. எது கிடைக்கும்ங்கறது அவங்க தேவையையும் உங்க மெரிட்டையும் பொறுத்தது. ஒடிசால ஐ.என்.எஸ் சில்கால அடிப்படை டிரெய்னிங், அப்புறம்தான் டிரேட் டிரெய்னிங்.

யாரும் சொல்லாத ஒண்ணு கோஸ்ட் கார்டு. நாவிக் டொமெஸ்டிக் பிராஞ்ச்னு வரும், பத்தாவது போதும், 18ல இருந்து 22 வயசு, குக்கும் ஸ்டூவர்டும்தான் அதுல. இது அக்னிவீர் கிடையாது, நாலு வருஷத்துல அனுப்பிட மாட்டாங்க, அடிப்படை சம்பளம் 21,700. இடம் கம்மி, போட்டி அதிகம், ஆம்பளைப் பசங்களுக்கு மட்டும், ஆனாலும் வயசு இருக்கற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் போடுங்க. இது தவிர சி.ஐ.எஸ்.எஃப், சி.ஆர்.பி.எஃப் மாதிரி மத்திய போலீஸ் படைகள்லயும் கான்ஸ்டபிள் டிரேட்ஸ்மேன்ல குக் போஸ்ட் வரும். நம்ம அரக்கோணம் பக்கம் தக்கோலத்துலயே சி.ஐ.எஸ்.எஃப் டிரெய்னிங் சென்டர் இருக்கு, ஆனா ஆள் எடுக்கறது அகில இந்திய அளவுல, அதனால லோக்கல்ல யாராவது "நான் உள்ள பேசறேன்"னு வந்தா நம்பாதீங்க.

கடைசியா ஒரு வாசல், படிச்சிட்டு போறது. ஆர்மி சர்வீஸ் கோர்ல ஜே.சி.ஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) கேட்டரிங்னு ஒரு என்ட்ரி இருக்கு. +2 முடிச்சு, அங்கீகாரம் உள்ள இடத்துல குக்கரியோ ஹோட்டல் மேனேஜ்மென்ட்டோ ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ டிப்ளமோ இல்ல சர்டிஃபிகேட் கோர்ஸ் பண்ணியிருக்கணும், வயசு 21ல இருந்து 27. ஏ.ஐ.சி.டி.இ அங்கீகாரம் கட்டாயம் இல்லன்னு அவங்களே சொல்றாங்க. உள்ள போகும்போதே நாயிப் சுபேதார், அடிப்படை சம்பளம் 35,400. சிப்பாயா சேர்ந்தவங்க இந்த ரேங்குக்கு வர எத்தனை வருஷம் ஆகும்னு ஊர்ல ரிட்டையர் ஆனவங்களக் கேளுங்க.

2. +2 முடிக்காம கிளம்பாதீங்க

பத்தாவது போதும்னு நோட்டிஃபிகேஷன்ல போட்டிருக்கும், உள்ள போறதுக்கு அது போதும்தான். வெளிய வந்தப்புறம்தான் மாட்டிக்குவீங்க. தரமணில இருக்கற மாதிரி ஐ.எச்.எம்ல (அரசு ஹோட்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்) டிகிரி படிக்க +2வும் அதுல இங்கிலீஷ் பாடமும் வேணும். ஒன்றரை வருஷ ஃபுட் புரொடக்‌ஷன் டிப்ளமோவுக்கும் +2 வேணும். ஜே.சி.ஓ கேட்டரிங்குக்கும் +2 வேணும். பத்தாவதோட நிக்கறவங்களுக்கு ஃபுட் புரொடக்‌ஷன் அண்ட் பட்டிசெரி (கேக், பேக்கரி வகை) கிராஃப்ட்ஸ்மேன்ஷிப் கோர்ஸும் ஐ.டி.ஐல ஃபுட் புரொடக்‌ஷன் டிரேடும்தான் மிச்சம். மோசம்னு சொல்லல, ஆனா கதவு கம்மி.

அக்னிவீரா உள்ள இருக்கும்போதே என்.ஐ.ஓ.எஸ் (தேசிய திறந்தநிலைப் பள்ளி) வழியா +2 முடிக்கறதுக்கு 2022லயே ஏற்பாடு பண்ணியிருக்காங்க. அத எடுத்தீங்கன்னா ஒண்ணு மட்டும் கவனிங்க, அங்க பாடத்த நாமளே தேர்ந்தெடுக்கறோம், இங்கிலீஷ விட்டுட்டு ஈஸியா இருக்கறத எடுத்துட்டா சர்டிஃபிகேட் கைல இருக்கும், ஐ.எச்.எம் வாசல் தொறக்காது. நம்ம ஸ்டேட் போர்டு +2ல இங்கிலீஷ் எப்படியும் இருக்கு, அதனால பதினேழரை வயசு ஆகற வரைக்கும் சும்மா இருக்காம ஸ்கூல்லயே முடிச்சிட்டு போறதுதான் என் அபிப்ராயம்.

+2 இல்லாம நேரா ஓபன் யூனிவர்சிட்டில டிகிரி வாங்கிக்கலாம்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க. பத்தாவது, +2, அப்புறம் மூணு வருஷம்ங்கற வரிசைல இல்லாத டிகிரி தமிழ்நாடு அரசு வேலைக்கு செல்லாது.

3. பேரு, இனிஷியல், மாவட்டம், பிறந்த தேதி

இந்த ஒரு ஸ்டெப்புக்குத்தான் நான் அதிகமா அலைஞ்சேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

பத்தாவது மார்க் ஷீட்ல "கார்த்திக் எஸ்"னு இருக்கும், ஆதார்ல "கார்த்திக் செல்வம்"னு இருக்கும், பேன் கார்டுல அப்பா பேரு முன்னாடி வந்து நிக்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆளுதான். செக் பண்றவர் வட இந்தியால இருந்து வந்திருப்பார், அவருக்கு இனிஷியல்னா என்னன்னே பழக்கம் இல்ல, மார்க் ஷீட்ட ஒரு கைல ஆதார ஒரு கைல வச்சிக்கினு எழுத்து எழுத்தா விரல் வச்சு பாக்கறாரு. மார்க் ஷீட்தான் தாய்ப் பத்திரம். ஆதார், பேன், பேங்க் பாஸ்புக் மூணையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க, மார்க் ஷீட்ட மாத்தப் போனா வருஷம் போயிடும். ஆதார்ல பேரு ரெண்டு தடவை, பிறந்த தேதி ஒரு தடவைதான் மாத்த விடுவாங்க, அவசரத்துல தப்பா மாத்தி அந்த வாய்ப்ப தொலைச்சிடாதீங்க. ஆதாரோட சேர்ந்த போன் நம்பர் உங்க கைல இருக்கற நம்பரான்னும் பாருங்க, ஓ.டி.பி எல்லாம் அதுக்குத்தான் வரும்.

அடுத்தது மாவட்டம். 2019ல வேலூர மூணா பிரிச்சாங்க. வாலாஜா, ஆற்காடு, சோளிங்கர் பசங்களோட பழைய ஜாதி சான்றுல வேலூர் மாவட்டம்னு இருக்கும், இப்ப அவங்க ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி பசங்க திருப்பத்தூர். அப்ளிகேஷன்ல இப்ப இருக்கற மாவட்டத்த போட்டுட்டு பழைய சான்ற கொண்டு போனா கேள்வி வரும், அதனால ஜாதி சான்றும் இருப்பிடச் சான்றும் இப்ப இருக்கற தாலுகா, மாவட்டம் பேர்ல புதுசா எடுத்துடுங்க. மூணு மாவட்டத்துக்கும் ஆர்மிக்கு ஆள் எடுக்கற ஆபீஸ் (ஏ.ஆர்.ஓ) சென்னைதான்.

அப்பா பட்டாளத்துல இருந்தவரா? அப்ப ரிலேஷன் சர்டிஃபிகேட் வாங்கினா போனஸ் மார்க் உண்டு. இத அப்பாவோட ரெக்கார்டு ஆபீஸ்தான் தரணும், மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், எம்.இ.ஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்)ன்னா பெங்களூர். இங்க ஒரு பெரிய பள்ளம் இருக்கு. அப்பா சர்வீஸ்ல இருக்கும்போது உங்க பேரையும் பிறந்த தேதியையும் பார்ட் டூ ஆர்டர்ல (பட்டாளத்து குடும்ப விவரப் பதிவுல) ஏத்தியிருப்பாங்க. லீவுல வந்துட்டு போன அவசரத்துல ஒரு தேதிய சொல்லியிருப்பாரு, ஸ்கூல்ல சேர்க்கும்போது தாத்தா வேற ஒரு தேதிய சொல்லியிருப்பாரு. ரெண்டும் ஒத்துப்போகலன்னா சர்டிஃபிகேட் வராது. அப்பாவோட டிஸ்சார்ஜ் புக்க இன்னைக்கே எடுத்து பாருங்க, அதுல வட ஆற்காடு மாவட்டம்னு இருக்கும், அது பரவால்ல, உங்க பேரும் தேதியும் மார்க் ஷீட்டோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. போகலன்னா வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போயி கேளுங்க, ரெக்கார்டு ஆபீஸுக்கு எப்படி எழுதணும், என்னென்ன வைக்கணும்னு சொல்லி அனுப்புவாங்க. மாசக்கணக்குல ஆகும், நோட்டிஃபிகேஷன் வந்தப்புறம் ஆரம்பிச்சா நடக்கற காரியம் இல்ல.

4. சர்டிஃபிகேட் எடுக்கற வரிசை

முதல்ல இ-சேவைல கேன் நம்பர் (உங்க பேர்ல ஒரு பதிவு நம்பர்) போடணும், அது இருந்தாத்தான் மத்தது. அப்புறம் ஜாதி சான்று, இருப்பிடச் சான்று. ஒவ்வொண்ணுக்கும் 60 ரூபா. வி.ஏ.ஓ, ஆர்.ஐ, தாசில்தார்னு மூணு டேபிள் தாண்டி வரும். சாதாரண நாள்ல ஒண்ணு ரெண்டு வாரத்துல வந்துடும், ஆனா ஜமாபந்தி நடக்கற மே, ஜூன்லயும் எலெக்‌ஷன் நேரத்துலயும் இழுத்துடும். ஆர்மி அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்ல வரும், அதனால டிசம்பர், ஜனவரிலயே எடுத்து வச்சிடுங்க. இருப்பிடச் சான்றுல போட்டோ இருக்கணும்னு ஆர்மி கேக்குது, அப்ளை பண்ணும்போதே சொல்லிடுங்க.

கடைசில எடுக்க வேண்டியது: கடைசியா படிச்ச ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்ட நன்னடத்தை சான்று, ஊர்த் தலைவர்கிட்ட போட்டோ ஒட்டின நன்னடத்தை சான்று, கல்யாணம் ஆகலங்கறதுக்கு சான்று, போலீஸ் சான்று. ஊர்ல தர்ற சான்றெல்லாம் ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், சீக்கிரமா எடுத்து வச்சிட்டு ரேலி (ஆள் எடுக்கற முகாம்) அன்னைக்கு காலாவதி ஆகி நிக்காதீங்க. 10 ரூபா பத்திரத்துல நோட்டரி கையெழுத்தோட ஒரு அஃபிடவிட் கேப்பாங்க, மாதிரி அறிவிப்புலயே இருக்கும், அத அப்படியே டைப் பண்ணுங்க, நோட்டரி ஆபீஸ்ல அவங்க பழைய ஃபார்மட்ல அடிச்சிக் குடுத்தா வாங்காதீங்க. போட்டோ வெள்ளை பேக்ரவுண்ட்ல இருபது காப்பியாவது. கோஸ்ட் கார்டு, சி.ஐ.எஸ்.எஃப்க்கு பி.சி, எம்.பி.சி பசங்க மத்திய அரசு ஃபார்மட் ஓ.பி.சி சான்று தனியா எடுக்கணும், நம்ம மாநில ஜாதி சான்று அங்க செல்லாது.

5. எவ்வளவு செலவாகும்

ஆர்மி அப்ளிகேஷன் 250 ரூபா. நேவி 550, மேல ஜி.எஸ்.டி. கோஸ்ட் கார்டு 300, சி.ஐ.எஸ்.எஃப் டிரேட்ஸ்மேன் 100, இந்த ரெண்டுலயும் எஸ்.சி, எஸ்.டிக்கு ஃபீஸ் கிடையாது. சான்று, நோட்டரி, போட்டோ, ஜெராக்ஸ், ரேலிக்கு பஸ் செலவு எல்லாம் சேர்த்தா சில ஆயிரம், அவ்வளவுதான். இதுக்கு மேல ஒருத்தர் ஒரு லட்சம், ரெண்டு லட்சம்னு பேசினா அவர் ஏமாத்தறாரு. அம்மா தாலிச் செயின வச்சு ஏஜெண்ட்கிட்ட குடுத்த குடும்பம் நம்ம பக்கம் எனக்கு தெரிஞ்சே இருக்கு, அந்தப் பணம் இன்னைக்கு வரைக்கும் திரும்பல.

6. பரீட்சை, ஓட்டம், மெடிக்கல்

ஆர்மில முதல்ல கம்ப்யூட்டர்ல பொது நுழைவுத் தேர்வு, இப்ப தமிழ்லயும் எழுதலாம், அப்ளிகேஷன்ல மொழி கேக்கும்போது மறக்காம தமிழ் போடுங்க. தப்பு விடைக்கு மார்க் குறைப்பாங்க. அதுல தேறினவங்களுக்குத்தான் ரேலி. 1.6 கிலோமீட்டர் ஓட்டம் ஆர்மி, நேவி, கோஸ்ட் கார்டு மூணுலயும் உண்டு, நேவில ஆறரை நிமிஷம். ஏப்ரல், மே வேலூர் வெயில்ல ஏழு மணிக்கு மேல ஓடி உடம்ப கெடுத்துக்காதீங்க, விடியறதுக்குள்ள முடிச்சிடுங்க.

மெடிக்கல்ல பசங்க போறது சின்ன விஷயத்துலதான். காது அழுக்கு, சொத்தைப் பல், ரெண்டையும் முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டி சுத்தம் பண்ணிடுங்க. பச்சை குத்தறதுக்கு உடம்புல எல்லா இடத்துலயும் அனுமதி கிடையாது, ஆசை இருந்தா தள்ளிப் போடுங்க.

7. உள்ள போனப்புறம் பேப்பர் சேர்க்கறது

சமையல் டிரேட்ல சேர்ந்தா முதல்ல எல்லாரையும் மாதிரி சிப்பாய் டிரெய்னிங், அப்புறம்தான் லங்கர். ஆர்மில சமையல்கட்டுக்கு லங்கர்னுதான் பேரு. நம்ம பசங்களுக்கு சோறு, சாம்பார் கை வந்த கலை, ஆம்பூர் பக்கத்து பசங்கன்னா தேக்சால பிரியாணி தம் போடறதையே பாத்து வளர்ந்தவங்க. கஷ்டம் சப்பாத்திலதான். தம்பி லீவுல வந்தப்ப வீட்ல மாவு பிசைஞ்சு காட்டினான், தண்ணிய அளக்காம கைலயே பதம் பாத்து, ரெண்டு கைலயும் மாறி மாறி உருண்டை கிள்ளிப் போடறான், எல்லாம் ஒரே சைஸு. நூறு பேருக்கு மேல காலைல அஞ்சு மணிக்கு போடணும்னா அப்படித்தான் கத்துக்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி வீட்லயே சப்பாத்தி பழகிக்கினு போங்க, கொஞ்சம் இந்தியும்.

நாலு வருஷத்துல மூணு வேலை பண்ணுங்க. ஒண்ணு, இக்னோல (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அக்னிவீர்களுக்குன்னு மூணு வருஷ டிகிரி இருக்கு, சர்வீஸ்ல கத்துக்கற தொழிலுக்கே பாதி கிரெடிட், மிச்ச பாதிய மத்த பாடங்கள்ல எடுக்கணும். யூனிட்ல எஜுகேஷன் வேலைய பாக்கறவர்கிட்ட முதல் வருஷமே கேளுங்க. ரெண்டு, டிஜிலாக்கர்ல அபார் ஐடி (மாணவர் அடையாள எண்), அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கு ஆரம்பிச்சிடுங்க, கிரெடிட் எல்லாம் அதுலதான் உக்காரும். மூணு, பண்ற ஒவ்வொரு கோர்ஸுக்கும், டிரேட் டெஸ்டுக்கும் பேப்பர் கேட்டு வாங்கி போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க. டிரான்ஸ்ஃபர்ல டிரங்கு பெட்டி எங்கயோ போயிடும். போட்டோ எடுக்கறது பேப்பர மட்டும்தான், லங்கரையோ கேம்பையோ எடுக்காதீங்க, அது பெரிய தப்பு.

பணத்தப் பத்தி. முதல் வருஷம் மாசம் 30,000, நாலாவது வருஷம் 40,000, இதுல 30 சதவீதம் சேவா நிதிக்கு பிடிப்பாங்க, அரசு அதே அளவு போடும். நாலு வருஷத்துல ரெண்டும் சேர்ந்து சுமார் 10.04 லட்சம், வட்டி தனி, வரி கிடையாது. பாதில உங்க விருப்பத்துல வந்துட்டா உங்க பங்கும் அதோட வட்டியும்தான். பென்ஷன் கிடையாது, முன்னாள் ராணுவத்தினர்ங்கற அந்தஸ்தும் கிடையாது, அதனால அப்பா வாங்கற சலுகை எல்லாம் நமக்கும் வரும்னு கணக்கு போடாதீங்க. 25 சதவீதம் வரைக்கும்தான் நிரந்தரமா எடுப்பாங்க. சேவா நிதிய பாத்ததும் பைக், அக்கா கல்யாணம்னு ஆயிரம் செலவு கண்ணு முன்னாடி நிக்கும். படிப்புக்குன்னு மூணு நாலு லட்சத்த முதல்லயே எஃப்.டில போட்டுடுங்க, வீட்ல மனசு கஷ்டப்பட்டாலும் பரவால்ல.

8. வெளிய வந்து எங்க படிக்கறது

டிகிரின்னா தரமணி ஐ.எச்.எம், திருச்சி பக்கம் துவாக்குடில மாநில ஐ.எச்.எம். ரெண்டுக்கும் என்.சி.எச்.எம் ஜே.இ.இங்கற நுழைவுத் தேர்வு எழுதணும், என்.டி.ஏ (தேசிய தேர்வு முகமை) நடத்துது, இங்கிலீஷும் இந்தியும்தான், தமிழ் கிடையாது. கேள்வித்தாள்ல இங்கிலீஷ் பகுதிக்கு வெயிட் அதிகம், சர்வீஸ்ல இருக்கும்போதே தினம் கொஞ்சம் படிங்க. செலவு மூணு வருஷத்துக்கு மூணு லட்சத்துக்கு மேல ஆகும், ஹாஸ்டல் தனி. காட்பாடில ரயில் ஏறினா சென்ட்ரல், அங்க இருந்து பார்க் டவுன்ல பறக்கும் ரயில் பிடிச்சா தரமணி, ஆனா தினமும் போயி வர்றதுக்கு நினைக்காதீங்க, காலைல பிராக்டிகல் இருக்கற நாள்ல முடியாது.

என்னக் கேட்டா நாலு வருஷம் லங்கர்ல நின்னவங்களுக்கு ஒன்றரை வருஷ டிப்ளமோவே பொருத்தம். சீக்கிரம் முடியுது, செலவு கம்மி, அதுல ஒரு பகுதி ஹோட்டல்லயே வேலைப் பயிற்சி. எஸ்.சி, எஸ்.டி பசங்க முதல்ல தாட்கோல கேளுங்க, குடும்ப வருமான வரம்புக்குள்ள இருந்தா தரமணில டிகிரிக்கும் இந்த டிப்ளமோ, கிராஃப்ட் கோர்ஸுக்கும் செலவ அவங்களே ஏத்துக்கற திட்டம் இருக்கு. அரசுப் பள்ளில படிச்சவங்க தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் மாசம் 1,000 ரூபாய்க்கு தகுதி இருக்கான்னு காலேஜ்லயே கேட்டுக்குங்க.

பக்கத்துலயே படிக்கணும்னா காலேஜ் போர்ட பாத்து சேராதீங்க. "சர்டிஃபிகேட்ட யாரு தர்றாங்க"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பல்கலைக்கழகமா, ஹோட்டல் மேனேஜ்மென்ட் நேஷனல் கவுன்சிலா, ஐ.டி.ஐன்னா என்.சி.வி.டியா (தேசிய தொழிற்பயிற்சி கவுன்சில்). "நாங்களே தர்றோம், கப்பல்ல வேலை கேரண்டி"ன்னு பதில் வந்தா எழுந்து வந்துடுங்க. மாமா பையன் முதல்ல விசாரிச்ச ஒரு இடத்துல மாதிரி சர்டிஃபிகேட்ட காட்டச் சொன்னோம், அதுல எந்த பல்கலைக்கழகத்தோட பேரும் இல்ல, வெறும் அந்த டிரஸ்ட் பேருதான். ஒரு வருஷத்துக்கு எண்பதாயிரம் கேட்டாங்க.

9. திரும்ப உள்ள போற வழி

பதினெட்டு பத்தொன்பதுல சேர்ந்தா இருபத்திரண்டு இருபத்திமூணுல வெளிய வருவீங்க. ஒன்றரை வருஷ டிப்ளமோ முடிக்கும்போது இருபத்தஞ்சு கூட ஆகியிருக்காது. ஜே.சி.ஓ கேட்டரிங்குக்கு 27 வரைக்கும் இடம் இருக்கு, கைல +2, டிப்ளமோ, நாலு வருஷ லங்கர் அனுபவம் மூணும் இருக்கும். தம்பிக்கு நாங்க போட்டிருக்கற கணக்கு இதுதான். இல்லன்னா மத்திய ஆயுத போலீஸ் படைகள்ல அக்னிவீர்களுக்கு தனி ஒதுக்கீடு இருக்கு, வயசுல மூணு வருஷம் தளர்வு, முதல் பேட்ச்சுக்கு அஞ்சு வருஷம்.

ரெண்டுக்கும் டிஸ்சார்ஜ் பேப்பரும், சர்வீஸ் முடியும்போது தர்ற ஸ்கில் சர்டிஃபிகேட்டும் ஒரிஜினல் வேணும். யூனிட்ட விட்டு கிளம்பற அன்னைக்கு அதுல இருக்கற பேரு, பிறந்த தேதி, டிரேட் மூணையும் மார்க் ஷீட்டோட ஒத்துப் பாத்துட்டு, தப்பு இருந்தா அங்கயே கிளார்க்கிட்ட சொல்லி திருத்தி வாங்கிட்டு ரயில் ஏறுங்க.